மைவி காரை இறக்கிய பின் முன் டயர் உள்ஓரம் கம்பி தெரிகிறது, இரண்டு தடவை அலைமென்ட் செய்தும் நிற்கவில்லை

சிப்புட் வெள்ளை மைவி எழுதியது:

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். நான் மலேசியா, பேராக், சுங்கை சிப்புட். வீடு டவுனில் இல்லை, லாசா போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தோட்டத்தில். முன்பு முழுக்க ரப்பராக இருந்த இடம், இப்போது செம்பனை. வேலை ஜெலாப்பாங்கில். செம்மோர் வழியாகப் பழைய சாலையில்தான் போய் வருகிறேன், தினமும் 55 கிலோமீட்டர் பக்கம் ஓடும்.

கார் 2009 மைவி 1.3, மேனுவல். ஏழு மாதத்துக்கு முன் ஸ்போர்ட் ஸ்ப்ரிங் போட்டேன். முன்பு டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் முழுக் கை போகும், இப்போது இரண்டு விரல்தான் போகிறது. அளந்து பார்த்தேன், 40 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. அதிர்வு தாங்கும் அப்சோபர் பழையதுதான். ரிம் 15, டயர் 195/50, நான்கும் அன்றைக்குப் புதிதாகப் போட்டது.

போன வெள்ளிக்கிழமை அம்மாவை ஈப்போவுக்குக் கண் டாக்டரிடம் அழைத்துப் போகக் கிளம்பினேன். லயத்து வாசலில் காரைத் திருப்பி ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தபடி நிறுத்தியிருந்தேன். அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு வருகிற நேரத்தில் இடது முன் டயரைத் தற்செயலாகப் பார்த்தேன். உள்ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. துருப்பிடித்த மெல்லிய கம்பிகள் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. தொட்டேன், விரலில் குத்தியது. அதே டயரின் வெளிஓரத்தில் கோடுகள் இன்னும் ஆழமாக இருக்கின்றன. ஸ்டீரிங் நேராக இருந்திருந்தால் இது என் கண்ணுக்குத் தெரிந்தே இருக்காது. இரண்டு நாளுக்கு முன்புதான் அடைமழையில் அதே டயரில் 90இல் வந்திருக்கிறேன். அன்று பக்கத்து வீட்டு மாமா காரில் போனோம்.

வலது டயரும் உள்ஓரம் தேய்ந்திருக்கிறது, ஆனால் கம்பி வரவில்லை. மொத்தம் 11,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது.

அலைமென்ட் செய்யாமல் இல்லை. ஸ்ப்ரிங் போட்ட அன்றே அதே கடையில் ஒரு தடவை செய்தார்கள். கார் வலப்பக்கம் இழுக்கிறது என்று இரண்டு மாதம் கழித்து வேறொரு கடையில் இன்னொரு தடவை. இரண்டாவது கடை கொடுத்த தாள் கையில் இருக்கிறது: முன் கேம்பர், அதாவது சக்கரம் மேலே உள்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு, இடது மைனஸ் 1.8, வலது மைனஸ் 1.0 டிகிரி. டோ, அதாவது சக்கரம் நேர்கோட்டிலிருந்து உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, இரண்டு பக்கமும் 0, பச்சை. “மைவியில் கேம்பர் அட்ஜஸ்ட் செய்ய முடியாது, டோ சரியாக இருக்கிறது, ஓட்டுங்கள்” என்றார்கள். வலப்பக்க இழுப்பும் போகவில்லை.

டோ சரியாக இருந்தும் டயர் ஏன் இப்படிக் கரைகிறது? பழைய ஸ்ப்ரிங்கையே திரும்பப் போட்டுவிடுவதா? கார் தாழ்ந்து நிற்கிற அழகு எனக்குப் பிடித்திருக்கிறது, மனசு வரவில்லை. ஆனால் அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிற கார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்மோர் குடைக்காளான் எழுதியது:

டோ 0 என்றால் கேம்பர்தான் காரணம் பிரதர். கேம்பர் போல்ட் என்று விற்கிறார்கள். அப்சோபரையும் நக்கிளையும், அதாவது சக்கரத்தைத் தாங்கும் இரும்பையும், பிடிக்கிற இரண்டு போல்ட்டில் ஒன்றைக் கழற்றிவிட்டு அதைப் போட வேண்டும். நடுவில் முட்டை வடிவமாக இருக்கும், திருப்பினால் சக்கரம் நிமிரும். என் தம்பியின் சாகாவுக்கு அதுதான் போட்டோம், நன்றாக இருக்கிறது. ஸ்ப்ரிங்கை மாற்ற வேண்டாம்.

பீடோர் அலைமென்ட் மேடை எழுதியது:

தம்பி, முதலில் டயர். பழைய 14 ரிம் வீட்டில் கிடந்தால் நான்கையும் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போ. 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே சட்டப்படி அந்த டயர் ஓடக்கூடாது. உன்னுடையது அதைத் தாண்டி டயருக்குள் இருக்கிற கம்பி பெல்ட் வரைக்கும் போய்விட்டது. அதில் ஒரு நாள்கூட ஓட்டாதே.

நான் 22 வருடமாக அலைமென்ட் மேடையில் நிற்கிறவன். காரை இறக்கியவர்கள் எல்லாரும் கேம்பரைத்தான் திட்டுவார்கள். கண்ணுக்குத் தெரிகிற சாய்வு அதுதானே. ஆனால் டயரைத் தின்பது பெரும்பாலும் டோ. கணக்குப் போட்டுப் பார். ஒரு சக்கரம் நேர்கோட்டிலிருந்து ஒரு டிகிரி திரும்பி நின்றால், கார் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது அந்தச் சக்கரம் ஏறக்குறைய 17 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு வருகிறது. அரை டிகிரிக்கு 8, 9 மீட்டர். கேம்பர் அப்படி இல்லை. சாய்ந்து உருளும், உள்ஓரத்தில் பாரம் கூடும், அவ்வளவுதான். மைனஸ் 1.8 கேம்பர் மட்டும் இருந்தால் உள்ஓரம் முன்னதாகத் தேயும், ஆனால் 11,000 கிலோமீட்டரில் கம்பி வராது.

பூசைக்குச் சந்தனம் அரைப்பதைப் பார்த்திருப்பாய். கட்டையைக் கல்மேல் சும்மா சாய்த்து வைத்தால் தேயாது. இழுத்து உரசினால்தான் தேயும். சாய்த்துப் பிடித்தே உரசினால் அந்த ஓரம் மட்டும் கரையும். சாய்வு கேம்பர், உரசல் டோ. உனக்கு இரண்டும் சேர்ந்து நடந்திருக்கிறது.

இப்போதே ஒரு சோதனை செய். வலது டயரில் இன்னும் ரப்பர் இருக்கிறது அல்லவா, அதன்மேல் உள்ளங்கையை வைத்து வெளியிலிருந்து உள்ளே தடவு. அப்புறம் உள்ளிருந்து வெளியே தடவு. ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், மறு திசையில் ரம்பம் மாதிரி கையில் சிக்கினால் அது டோ. இரண்டு திசையிலும் வழவழப்பாக, உள்ஓரம் மட்டும் தாழ்ந்திருந்தால் கேம்பர். அங்கங்கே குழிகுழியாகத் தட்டுப்பட்டால் அப்சோபர் செத்துவிட்டது என்று அர்த்தம். கை பொய் சொல்லாது.

சரி, தாளில் டோ 0 என்று இருக்கிறதே என்பாய். அது கார் நிற்கும்போது எடுத்த எண். ஓடும்போது, பிரேக் பிடித்தாலும் குழியில் இடித்தாலும், தரை சக்கரத்தைப் பின்னால் தள்ளும். சக்கரத்தைக் கீழே காரோடு இணைக்கிற லோவர் ஆர்மின் பின்புஷ் கிழிந்திருந்தால் ஆர்ம் முழுவதும் அதோடு நகரும், சக்கரம் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும். நின்றவுடன் பழைய இடத்துக்கு வந்துவிடும். மெஷின் பச்சை காட்டும். புஷ் ஆடுகிற காருக்கு அலைமென்ட் செய்வது ஆடுகிற மேசையில் எழுதுவது மாதிரி. நான் என்றால் சென்சாரை மாட்டுவதற்கு முன் கடப்பாரையை எடுத்து ஆர்மை நெம்பிப் பார்ப்பேன். ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட்டின் முனை, பால் ஜாயின்ட், வீல் பேரிங், எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம்.

புஷ் கிழிவதற்கும் இறக்கியதற்கும் சம்பந்தம் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. புஷ் என்பது இரும்புக் குழாய்க்கும் ஆர்முக்கும் நடுவில் ஒட்டிய ரப்பர். எந்த உயரத்தில் போல்ட்டை இறுக்குகிறோமோ அந்த உயரத்தில்தான் அது முறுக்கு இல்லாமல் ஓய்வாக இருக்கும். நீ 40 மில்லிமீட்டர் இறக்கினாய், போல்ட்டைத் தளர்த்தவில்லை என்றால் அந்த ரப்பர் ஏழு மாதமாகப் பிழிந்த ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொண்டே இருக்கிறது. அதோடு தோட்டத்துச் சாலைக் குழி வேறு. காரை ஜேக்கில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் இன்னும் மோசம். காரின் முழுப் பாரமும் சக்கரத்தில் நிற்கும்போது, அதாவது மேடைமேல் ஏற்றி வைத்து, தளர்த்தி இறுக்க வேண்டும். பின் ஆக்சிலின் புஷ்ஷுக்கும் இதேதான்.

ஸ்ப்ரிங் போட்ட அன்றே அலைமென்ட் செய்ததும் தவறு. புது ஸ்ப்ரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடி உட்காரும். அதற்குப் பிறகு எடுக்கிற எண்தான் நிலைக்கும்.

இழுப்பைப் பற்றி. நம் சாலை மழைநீர் வடிய இடப்பக்கம் சரிந்திருக்கும், சாதாரணக் கார் லேசாக இடப்பக்கம்தான் போகும். உன் கார் அதையும் மீறி வலப்பக்கம் போகிறது. இடது 1.8, வலது 1.0, இந்த 0.8 வித்தியாசம்தான் காரணம். ஒரே மாதிரி ஸ்ப்ரிங் இரண்டு பக்கமும் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் சாய வேண்டும். ஏன் வித்தியாசம் வந்தது என்று கண்டுபிடிக்காமல் கேம்பர் போல்ட் போடாதே. மெஷினில் எஸ்ஏஐ என்று ஒரு எண் இருக்கும், ஸ்டீரிங் அச்சின் சாய்வு. ஒவ்வொரு பக்கமும் அதையும் கேம்பரையும் கூட்டிப் பார்க்கச் சொல், மைனஸ் என்றால் கழிக்க வேண்டும். கூட்டல் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் நக்கிளும் அப்சோபர் தண்டும் வளையவில்லை, பெரும்பாலும் கீழே லோவர் ஆர்ம்களைத் தாங்குகிற சப்ஃபிரேம் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். கூட்டல் வேறுபட்டால் நக்கிளோ அப்சோபர் தண்டோ வளைந்திருக்கிறது. இடது சக்கரம்தான் சாலையோரக் குழி எல்லாவற்றையும் வாங்குகிறது, அதனால் அதையும் ஒதுக்க முடியாது.

இதெல்லாம் சரியான பிறகு செம்மோர் தம்பி சொன்ன கேம்பர் போல்ட்டைத் தாராளமாகப் போடு. போட்டு முடித்ததும் டோ கட்டாயம் மாறும். கேம்பர் முன், டோ கடைசி, இந்த வரிசை மாறக்கூடாது. சில இடத்தில் போல்ட் வாங்காமல் அப்சோபர் ஓட்டையைக் கிரைண்டரால் நீளமாக்குவார்கள். அதை ஒருநாளும் சம்மதிக்காதே, அந்தத் துண்டு இரும்புதான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மேடைக்கு ஏற்றும் முன் நான்கு டயரிலும் கதவோரத்து ஸ்டிக்கர்படி காற்று வை. காரின் பின் பெட்டியில் அரிசி மூட்டை, கேஸ் தோம்பு இருந்தால் இறக்கிவிடு. பின் சக்கரத்தையும் அளக்கச் சொல். மைவியின் பின் ஆக்சில் ஒரே கட்டை, திருகித் திருத்த வழி இல்லை. ஆனால் அது கோணலாக இருந்தால் முன்னால் செய்வதெல்லாம் வீண்.

ஒரு கேள்வி. கியர்பாக்ஸ், கிளட்ச் வேலை ஏதாவது சமீபத்தில் செய்தாயா?

லாபிஸ் வீரா அக்கா எழுதியது:

மேலே அண்ணன் எழுதியதில் ஒன்றைக்கூட விடாதீர்கள் தம்பி. நானும் தோட்டத்துப் பாலர் பள்ளிக்குத்தான் தினமும் ஓட்டுகிறேன், என்னுடையது புரோட்டோன் வீரா. என் அண்ணன் ஆசையாக இறக்கிக் கொடுத்தார். எனக்குத் தேய்ந்தது பின் டயர். வீராவுக்குப் பின்பக்கம் தனித்தனி ஆர்ம் என்பதால் இறக்கினால் பின் சக்கரமும் சாய்ந்துவிடுகிறது. முன்பக்கம் மட்டும் மூன்று தடவை அலைமென்ட் செய்து காசு கொடுத்தேன், ஒருவரும் பின்னால் சென்சார் மாட்டவில்லை. பின் கேம்பர் ஆர்ம் போட்டு, பின் டோவையும் திருத்திய பிறகுதான் நின்றது.

இன்னொன்று. உங்கள் ஊர்ச் சாலையும் எங்கள் சாலை மாதிரிதான் இருக்கும். பழக்குலை லாரி போய்ப் போய் செம்மண்ணில் இரண்டு பள்ளம், நடுவில் மேடு. இறங்கிய கார் அந்த மேட்டில் வயிறு உரசும், பள்ளத்தில் விழும்போது அப்சோபர் தண்டில் இருக்கிற ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். ஒவ்வொரு இடியும் ஆர்முக்கும் புஷ்ஷுக்கும்தான் போகிறது. நான் பிறகு உயரம் மாற்றுகிற அப்சோபர் வாங்கி 15 மில்லிமீட்டர் ஏற்றிக்கொண்டேன். அழகு கொஞ்சமும் குறையவில்லை, ஏற்றியதை என் அண்ணனே கவனிக்கவில்லை. அம்மாவை ஏற்றுகிற கார் என்கிறீர்கள், அதையும் யோசியுங்கள்.

சிப்புட் வெள்ளை மைவி எழுதியது:

அண்ணே, அக்கா, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாம் முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

அண்ணன் சொன்ன மாதிரி வலது டயரைத் தடவினேன். வெளியே இழுக்கும்போது ஒன்றும் இல்லை, உள்ளே போகும்போது ஒவ்வொரு கட்டையும் கையில் சிக்கியது. அன்றைக்கே 14 ரிம்மை மாட்டிவிட்டேன்.

ஈப்போவில் வேறொரு பட்டறைக்குப் போனேன். அண்ணன் எழுதியதைப் போனில் காட்டினேன். அங்கே இருந்த பெரியவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, சென்சாரை மாட்டினார். அப்புறம் என்னைத் திரைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, குனிந்து இடது சக்கரத்தின் முன்பக்கத்தில் தோளைக் கொடுத்துப் பின்னால் தள்ளினார். 0 என்று இருந்த டோ எண் ஓடிப் போய் வெளிப்பக்கம் 0.4இல் நின்றது. தோளை எடுத்தார், எண் திரும்பி 0க்கு வந்துவிட்டது. மறுபடி தள்ளினார், மறுபடி 0.4. ஏழு மாதமாக எனக்குப் புரியாமல் இருந்தது அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது. அண்ணன் கணக்குப்படி 0.4 என்றால் கிலோமீட்டருக்கு 7 மீட்டர். அத்தனை கிலோமீட்டரும் அப்படியே ஓடியிருந்தால் 70 கிலோமீட்டருக்கு மேல் அந்த டயர் பக்கவாட்டில் தேய்ந்திருக்கிறது.

கழற்றிப் பார்த்தால் இடது பின்புஷ் பாதி வட்டத்துக்குக் கிழிந்து, விரல் நகம் உள்ளே போகிறது. வலதில் வெடிப்பு தொடங்கியிருந்தது. இரண்டு பக்கமும் லோவர் ஆர்ம் புஷ்ஷோடு முழுதாக மாற்றினேன், 180 வெள்ளி (ரிங்கிட்). போல்ட்டை மேடைமேல் இறக்கி வைத்துத்தான் இறுக்கினார், நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

அண்ணன் கேட்ட கிளட்ச். ஆமாம் அண்ணே, போன வருடம் கிளட்ச் மாற்றினேன். எஸ்ஏஐயும் கேம்பரும் கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தது. கிளட்ச் மாற்றியபோது சப்ஃபிரேமை இறக்கிவிட்டுத் திரும்ப மாட்டும்போது இடப்பக்கம் நகர்த்தி மாட்டியிருக்கிறார்கள். தளர்த்தி நான்கு மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளினார். அவ்வளவுதான், கேம்பர் இரண்டு பக்கமும் மைனஸ் 1.4க்கு வந்துவிட்டது. வேறு எதையும் தொடாமலே இழுப்பு போய்விட்டது.

அதன்பிறகு கேம்பர் போல்ட் இரண்டு, 60 வெள்ளி. இப்போது இடது மைனஸ் 0.9, வலது மைனஸ் 0.9. டோ மொத்தம் உள்பக்கம் 0.1. பின் சக்கரம் சரியான அளவில்தான் இருந்தது. அலைமென்ட் 50 வெள்ளி. முன்னால் இரண்டு புது டயர். அக்கா சொன்னதை யோசித்துக்கொண்டிருக்கிறேன், பழைய அப்சோபரில் எண்ணெய் கசிவு ஆரம்பித்துவிட்டது, மாற்றும்போது உயரம் மாற்றுகிறதையே வாங்கி 15 ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்.

நேற்று அம்மாவை மறுபடி கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். செம்மோர் தாண்டியதும் நல்ல மழை. இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் லேசாக வைத்திருந்தேன், கார் தன் பாட்டுக்கு நேராகப் போனது. அம்மா வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தார்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஸ்டீரிங் ஒரு விரல் அளவுக்கு இடப்பக்கம் திரும்பி நிற்கிறது. இதைக் கழற்றி நேராக மாட்டிக்கொள்ளலாமா?

பீடோர் அலைமென்ட் மேடை எழுதியது:

கழற்றாதே தம்பி. கழற்றி மாட்டினால் சக்கரங்களைத் திருப்புகிற ஸ்டீரிங் ராக்கின் நடுநிலை மாறிவிடும், ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஒடியும். அந்தப் பெரியவரிடமே திரும்பப் போ. ஸ்டீரிங்கை நேராகப் பூட்டு போட்டு நிறுத்தி, இரண்டு டை ராட்டையும் ஒரே அளவு, ஒன்றை உள்ளே மற்றதை வெளியே திருகச் சொல். மொத்த டோ மாறாது, ஸ்டீரிங் நேராகிவிடும். பத்து நிமிட வேலை, நல்ல மனிதராகத் தெரிகிறார், காசு கேட்க மாட்டார். திருகிய பிறகு லாக் நட் இறுகியிருக்கிறதா என்று நீயே ஸ்பேனர் வைத்துப் பார்.

அப்சோபர் மாற்றினால் உயரம் மாறும், கேம்பரும் டோவும் மறுபடி மாறும். ஆர்ம் போல்ட்டையும் அந்தப் புது உயரத்தில் இன்னொரு தடவை தளர்த்தி இறுக்க வேண்டும். அதனால் தள்ளிப் போடாமல் சீக்கிரம் செய்துவிடு, இரண்டு தடவை அலைமென்டுக்குச் செலவு செய்யாதே.

கேம்பர் போல்ட் சாதாரணப் போல்ட்டை விட ஒல்லி. உங்கள் சாலையில் நழுவ வாய்ப்பு உண்டு. போல்ட் தலையிலிருந்து அப்சோபர் இரும்புவரை வெள்ளை பெயிண்டால் ஒரே கோடாக இழுத்து வை. மாதம் ஒரு தடவை ஸ்டீரிங்கை ஒடித்து டயர் உள்ஓரத்தைப் பார்ப்பாய் அல்லவா, அப்போது டார்ச் அடித்து அதையும் பார். கோடு இரண்டாக விலகியிருந்தால் படம் எடுத்து இங்கே போடு.